கண்ணாடியைக் கூட்டினால் வெளிச்சம் கூடுமா? அலுவலகக் கட்டடம் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுமார் முந்நூறு பேர் வேலை பார்க்கும் உங்கள் நிறுவனம் காலி மனையில் சொந்தமாக அலுவலகம் கட்டப்போகிறது. ஊழியர்களின் நலனை மனதில் வைத்துக் கட்ட வேண்டும், இயற்கை வெளிச்சம் நிறைய வேண்டும் என்று நிர்வாகம் சொல்லியிருக்கிறது. ஆர்க்கிடெக்ட் கொடுத்த முதல் வரைபடத்தில் ஒரு பெரிய சதுரக் கட்டடம், நாலு பக்கமும் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. ஊழியர்கள் சார்பில் கட்டடக் குழுவில் இருக்கும் நீங்கள், இவ்வளவு கண்ணாடி இருந்தால் வெளிச்சம் போதும்தானே, வேறு எதைக் கேட்க வேண்டும் என்கிறீர்கள். கேள்வி கண்ணாடியைப் பற்றியது போலத் தெரிகிறது. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, எந்த முடிவுகள் அங்கே உட்காரப்போகிறவர்களின் உடம்பையும் மனநிலையையும் பாதிக்கும், அவற்றை எப்போது எடுத்தாக வேண்டும் என்பதுதான்.

நான் ஆர்க்கிடெக்சர் படித்தவன். பல வருடங்களாகக் கட்டடங்களுக்குள் வரும் பகல் வெளிச்சத்தையும் வெப்பத்தையும் கணக்கிட்டுச் சொல்வதுதான் என் வேலை. அந்த அனுபவத்தில் ஒரே வரியில் பதில் சொன்னால்: வெளிச்சத்தை முதலில் தீர்மானிப்பது கட்டடத்தின் அகலம், அடுத்து யார் எங்கே உட்காருகிறார்கள் என்பது, கண்ணாடியின் பரப்பு அதற்கப்புறம்தான் வருகிறது. பெரும்பாலான திட்டங்களில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. கட்டடத்தின் உருவம் முதல் சில வாரங்களிலேயே முடிவாகிவிடும். வெளிச்சத்தைப் பற்றி யோசிக்கிறவரை அழைக்கும்போது கண்ணாடியின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பது மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

பகல் வெளிச்சம் உடம்புக்கு ஏன் வேண்டும் என்பதில் சில விஷயங்கள் உறுதியானவை. நம் விழித்திரையில் பார்ப்பதற்கான செல்கள் மட்டும் இல்லை. வெளியே பகலா இரவா என்று மூளைக்குச் சொல்லும் இன்னொரு வகைச் செல்களும் இருக்கின்றன. அவை தாமாகவே ஒளியை உணர்கின்றன என்பதை நரம்பியல் ஆய்வாளர் டேவிட் பெர்சனும் அவருடைய குழுவும் 2002-ல் காட்டினார்கள். அவை நீலம் சார்ந்த ஒளிக்கு, சுமார் 480 நானோமீட்டர் அலைநீளத்துக்கு, அதிகம் பதில் கொடுக்கின்றன. பகல் வானத்தில் இந்த ஒளி தாராளமாக இருக்கிறது. உடல் கடிகாரம் தினமும் சரியான நேரத்தில் ஓடவும், இரவில் தூக்கம் வரவும், பகலில் விழிப்பாக இருக்கவும் இந்தச் செல்களுக்குப் பகலில் போதுமான ஒளி போய்ச் சேர வேண்டும்.

எவ்வளவு என்று கேட்டால், இங்கேதான் அலுவலகத்துக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் புரியும். மேகமூட்டமான நாளில்கூட வெளியே சுமார் 10,000 லக்ஸ் இருக்கும் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு). நேரடி வெயிலில் 1,00,000 லக்ஸ் வரை போகும். அலுவலக மேஜைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 300 முதல் 500 லக்ஸ். அதுவும் மேஜைப் பரப்பில் விழும் அளவு. கண்ணுக்கு நேராக வந்து சேர்வது அதில் பாதிகூட இருக்காது. ஆராய்ச்சியாளர்கள் பலர் சேர்ந்து 2022-ல் வெளியிட்ட பரிந்துரை, பகலில் கண்ணின் மட்டத்தில் குறைந்தது 250 லக்ஸ் வேண்டும் என்கிறது. இந்த 250 என்பது உடல் கடிகாரத்துக்கான தனி அளவுகோல். வானத்து வெளிச்சத்தில் அது சாதாரண லக்ஸுக்கு ஏறத்தாழ சமம். மஞ்சள் சாயல் எல்இடி விளக்கில் அதே அளவை எட்ட ஏறக்குறைய இரண்டு மடங்கு லக்ஸ் வேண்டியிருக்கும். ஜன்னல் ஓரத்தில் உட்காருகிறவருக்கு இது பெரும்பாலான பகல் நேரத்தில் தானாகவே கிடைத்துவிடும். பத்து மீட்டர் உள்ளே உட்காருகிறவருக்கு விளக்குகளை வைத்து மட்டும் கொடுக்கப் பார்த்தால் செலவும் ஆகும், கண்ணும் கூசும்.

இதற்கு மேல் சொல்லப்படுகிற பல விஷயங்களைக் கொஞ்சம் நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள். 2014-ல் வந்த ஓர் ஆய்வில், ஜன்னல் உள்ள இடத்தில் வேலை பார்த்தவர்கள் ஜன்னல் இல்லாத இடத்தில் இருந்தவர்களைவிட வேலை நாட்களில் இரவுக்குச் சராசரியாக 46 நிமிடம் அதிகம் தூங்கினார்கள் என்று வந்தது. நல்ல ஆய்வுதான், ஆனால் மொத்தம் 49 பேர். எங்கே உட்கார வேண்டும் என்று அவர்களைச் சீட்டுப் போட்டுப் பிரிக்கவும் இல்லை. ரோஜர் உல்ரிக் 1984-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், மரங்கள் தெரியும் ஜன்னல் உள்ள அறையில் இருந்த நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். அது மருத்துவமனை, பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்கள். அதை அப்படியே அலுவலகத்துக்குக் கொண்டுவர முடியாது. 2003-ல் அமெரிக்காவில் ஒரு கால் சென்டரில் நடந்த ஆய்வில், வெளிக்காட்சி நன்றாகத் தெரிந்த இருக்கைகளில் இருந்தவர்கள் எதுவும் தெரியாத இருக்கைகளில் இருந்தவர்களைவிட 6 முதல் 12 சதவீதம் வேகமாக அழைப்புகளை முடித்தார்கள். இதெல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன என்பது உண்மை. ஆனால் 'இப்படிக் கட்டினால் உற்பத்தித்திறன் இத்தனை சதவீதம் ஏறும்' என்று உங்கள் நிர்வாகத்துக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். அப்படி வாக்குக் கொடுத்தால், அடுத்த வருடம் அந்த எண் வரவில்லை என்று சொல்லி நல்ல ஜன்னல்களையே சந்தேகப்படுவார்கள். மனிதர்கள் நாள் முழுக்க வானம் தெரியாத இடத்தில் இருக்கக் கூடாது என்பதே போதுமான காரணம் என்று நான் நினைக்கிறேன்.

சரி, கட்டடத்துக்கு வருவோம். பக்கவாட்டு ஜன்னலிலிருந்து வரும் பயனுள்ள வெளிச்சம், ஜன்னலின் மேல் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு தூரம் உள்ளே போகும். இது நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கும் கைக்கணக்கு. கணினியில் கணக்கிட்டுப் பார்த்தாலும் பெரும்பாலும் அதையொட்டியே வரும். மேல் விளிம்பு 3 மீட்டர் என்றால் 6 முதல் 7.5 மீட்டர் வரை. அதற்கு அப்பால் கண்ணாடியை எவ்வளவு அகலமாக்கினாலும் பகலிலேயே விளக்கு போட வேண்டியிருக்கும். ஆகவே இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்த கட்டடம் ஏறத்தாழ 14, 15 மீட்டர் அகலம் இருந்தால் நடுவில் இருப்பவருக்கும் வெளிச்சம் எட்டும். நீங்கள் விவரித்த சதுரக் கட்டடம் ஒரு பக்கம் 40 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நாலு பக்கமும் முழுக்கக் கண்ணாடி போட்ட பிறகும் நடுவில் ஏறக்குறைய 25 மீட்டருக்கு 25 மீட்டர் இருட்டான பகுதி இருக்கும். தளத்தின் மொத்தப் பரப்பில் அது கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு. லிஃப்ட், படிக்கட்டு, கழிப்பறை, சர்வர் ரூம் எல்லாவற்றையும் அங்கே போட்டாலும் இடம் மீறும். மீறிய இடத்தில் ஆட்கள்தான் உட்காருவார்கள்.

கட்டடக்கலை வரலாற்றில் இது தெரியாத விஷயமே இல்லை. மின்விளக்கு மலிவாகும் முன் அலுவலகங்கள் வேறு வழியில்லாமல் ஒடுக்கமாகத்தான் இருந்தன. அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஆர்க்கிடெக்ட் ஃபிராங்க் லாயிட் ரைட் கட்டி 1906-ல் முடித்த லார்கின் நிர்வாகக் கட்டடத்தில், நடுவில் ஐந்து மாடி உயரத்துக்குத் திறந்த கூடம் ஒன்றை விட்டு, மேலே கண்ணாடிக் கூரை போட்டு, எல்லா மாடிகளுக்கும் வெளிச்சம் இறக்கினார்கள். 1938-ல் ஃபுளோரசன்ட் குழல் விளக்கு விற்பனைக்கு வந்தது, ஏசியும் பரவியது. அதன் பிறகு எவ்வளவு அகலமான தளத்தையும் விளக்கும் குளிர்காற்றும் வைத்து ஓட்டிவிடலாம் என்ற தைரியம் வந்துவிட்டது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. மாறாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஆர்க்கிடெக்ட் நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம் வடிவமைத்து 1997-ல் திறந்த காமர்ஸ்பேங்க் வங்கியின் கோபுரம் 259 மீட்டர் உயரம். முக்கோண வடிவம், நடுவில் திறந்த வெளி, நான்கு மாடி உயரத் தோட்டங்கள் சுற்றிச் சுற்றி மேலே போகின்றன. உள்பக்கம் பார்த்த அறைகளுக்கும் தோட்டம் வழியாக வானம் தெரியும், ஜன்னலைத் திறக்கவும் முடியும். கொலராடோவில் கோல்டன் என்ற ஊரில் அமெரிக்க அரசின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் 2010-ல் கட்டிய அலுவலகம் அவ்வளவு பகட்டானது இல்லை. சுமார் 18 மீட்டர் அகலமான நீண்ட கைகளாகக் கட்டடத்தைப் பிரித்தார்கள், அவ்வளவுதான். உங்கள் அளவுக்கு இந்த இரண்டாவது உதாரணம்தான் பொருந்தும். ஒரே சதுரத்தை எடுத்து எல் வடிவமாகவோ, எச் வடிவமாகவோ, நடுவில் முற்றம் விட்டோ பிரிப்பது. வெளிச்சுவரின் நீளம் கூடும், அதனால் செலவு கொஞ்சம் ஏறும். நிர்வாகத்திடம் அதை மறைக்க வேண்டாம். முழுக் கண்ணாடிச் சுவரில் பாதியைச் சாதாரணச் சுவராக்கினால் அந்தச் செலவில் ஒரு பங்கை மீட்கலாம்.

முற்றமோ ஏட்ரியமோ (நடுவில் பல மாடி உயரத்துக்கு விடும் கூடம்) வைக்கலாம் என்று யாராவது சொன்னால் உடனே மயங்கிவிடாதீர்கள். நடுவில் கூடம் விட்டால் வெளிச்சம் கீழ்வரை வந்துவிடும் என்று படத்தில் தெரியும். அகலத்தைவிட ஆழம் இரண்டு மடங்கு ஆகிவிட்டால் கீழ்மாடிக்காரர்களுக்குக் கிடைப்பது மேல்மாடிக்குக் கிடைப்பதில் சிறு பங்குதான். கண்ணாடிக் கூரை போட்டால் வெயிலின் சூடும் உள்ளே வரும், ஒரு மாடியில் பேசுவது இன்னொரு மாடிக்குக் கேட்கும். வெப்பமான ஊர் என்றால் கூரை போடாத திறந்த முற்றமும் அதைச் சுற்றி நிழலும் பெரும்பாலும் நல்ல முடிவு.

இனி அந்த முழுக் கண்ணாடியைப் பற்றி. மேஜையின் உயரம் முக்கால் மீட்டர். அதற்குக் கீழே இருக்கும் கண்ணாடி மேஜைக்கு வெளிச்சம் கொடுப்பதில்லை. கொடுப்பது பெரும்பாலும் வெப்பம்தான். அந்தச் சூட்டைத் தாங்க முடியாமல் கறுப்புச் சாயல் கண்ணாடி போடுவார்கள். தெளிவான இரட்டைக் கண்ணாடி ஏறக்குறைய 80 சதவீத வெளிச்சத்தை உள்ளே விடும். அடர்ந்த சாயல் கண்ணாடி 20, 30 சதவீதத்தைத்தான் விடும். அப்படியானால் பெரிய ஜன்னல் வைத்து என்ன பயன்? சுவரில் 30 முதல் 40 சதவீதம் வரை ஜன்னல், அதுவும் மேலே உயர்த்தி வைத்தது, நல்ல நிழல் தடுப்பு, தெளிவான கண்ணாடி. இந்தக் கூட்டணி பெரும்பாலான அலுவலகங்களில் முழுக் கண்ணாடியைவிட நல்ல வெளிச்சம் கொடுக்கும். வெப்பத்தைத் தடுத்து வெளிச்சத்தை விடும் பூச்சுக் கண்ணாடிகளும் கிடைக்கின்றன. வெளிச்சத்தில் 60 சதவீதத்தையும் வெப்பத்தில் 30 சதவீதத்தையும் மட்டும் உள்ளே விடும் வகை அரிதில்லை. உங்கள் ஆர்க்கிடெக்ட்டிடம் இந்த இரண்டு எண்களையும் சேர்த்துக் கேளுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் மற்றதையும் கேளுங்கள்.

முழுக் கண்ணாடியில் எனக்கு உள்ள பெரிய வருத்தம், ஜன்னலுக்கு உள்பக்கம் தொங்கவிடும் திரைகள், அதாவது பிளைண்ட்ஸ்தான். காலை வெயில் ஒருவர் கண்ணில் அடிக்கிறது, எழுந்து பிளைண்ட்ஸை இறக்குகிறார். வெயில் போன பிறகு ஏற்றுவது யார்? பெரும்பாலும் யாரும் இல்லை. நாள்கணக்கில், மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். 1970-கள் முதல் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பதிவான நடத்தை இது. நானும் போகும் இடமெல்லாம் இதைத்தான் பார்க்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணாடி மாளிகை, உள்ளே பிளைண்ட்ஸ் இறங்கி, பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருக்கும். கட்டியவர்கள் காசு கொடுத்து வாங்கிய வெளிச்சம் துணிக்கு வெளியே நின்றுவிட்டது. அதனால் கண் கூச்சத்தைத் தடுப்பதை அலங்கார வேலையாக நினைக்காதீர்கள். பகல் வெளிச்சம் நீடித்து வேலை செய்ய அதுதான் நிபந்தனை.

கண் கூச்சத்தைத் தடுப்பது திசையிலிருந்து தொடங்குகிறது. கிழக்கும் மேற்கும் கஷ்டமான பக்கங்கள். அங்கே சூரியன் தாழ்வாக வரும், மேலே எவ்வளவு நீளமாக சன்ஷேட் போட்டாலும் அதன் அடியில் புகுந்துவிடும். அந்தப் பக்கங்களில் ஜன்னலைக் குறைத்து, படிக்கட்டு, கழிப்பறை, கிடங்கு போன்றவற்றைத் தள்ளுவது நல்லது. ஜன்னல் வேண்டுமென்றால் செங்குத்துத் தடுப்புகள் வேண்டும். நீளமான பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்த்திருப்பது சிறப்பு. பூமத்திய ரேகைக்கு வடக்கே தள்ளியிருக்கும் ஊர்களில் தெற்கு வெயில் உயரத்திலிருந்து வருவதால் கிடைமட்டத் தடுப்பு ஒன்றே போதும், வடக்கிலிருந்து நாள் முழுக்க மென்மையான வான வெளிச்சம் கிடைக்கும். ரேகைக்குத் தெற்கே இது அப்படியே மாறும். ரேகைக்கு அருகில் இருக்கும் ஊர்களில் சூரியன் வருடத்தில் சில மாதம் வடக்கிலும் சில மாதம் தெற்கிலும் நிற்கும், ஆகவே இரண்டு பக்கமும் தடுப்பு வேண்டும். நிழல் தடுப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே தொங்கும் துணி கண் கூச்சத்தைக் குறைக்கும், ஆனால் கண்ணாடியைத் தாண்டி வந்த வெப்பத்தில் பெரும்பகுதி உள்ளேயேதான் இருக்கும்.

ஜன்னலை இரண்டு பகுதியாகப் பிரித்துக் கேளுங்கள். கீழ்ப்பகுதி பார்ப்பதற்கு, அதற்குத் தனி பிளைண்ட்ஸ். மேல்பகுதி வெளிச்சத்துக்கு, அதைத் துணியால் மூடவே தேவையில்லாதபடி வெளித்தடுப்பை அமைக்க வேண்டும். ஒருவர் கீழே இறக்கிவிட்டாலும் மேலே வழியாக உள்ளே வெளிச்சம் வந்துகொண்டே இருக்கும். இதற்கு நடுவே லைட் ஷெல்ஃப் என்று ஒரு கிடைமட்டப் பலகை வைப்பது உண்டு. அது ஆழத்தில் வெளிச்சத்தைப் பெரிதாகக் கூட்டும் என்று விற்பார்கள். பெரும்பாலும் அது செய்வது ஜன்னல் ஓரத்தின் அதிகப்படி வெளிச்சத்தைக் குறைத்து அறை முழுக்கச் சமமாகத் தோன்றவைப்பதுதான். அதுவே நல்ல பலன், ஆனால் தூசு படிந்தால் பயன் போய்விடும், துடைக்க ஆள் எட்ட வேண்டும்.

கட்டட அமைப்பில் ஒரு சின்ன விஷயம் பெரிய வித்தியாசம் செய்யும், இதை யாரும் கேட்பதில்லை. வெளி ஓரத்தில் வரும் பீம் கீழே தொங்கினால் ஜன்னலின் மேல் விளிம்பு அரை மீட்டர் இறங்கிவிடும். மேலே சொன்ன கைக்கணக்குப்படி உள்ளே ஒரு மீட்டருக்கு மேல் வெளிச்சம் குறைந்துவிடும். அந்தப் பீமைத் தளத்துக்கு மேலாகத் தூக்கிப் போட முடியுமா என்று ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரிடம் கேளுங்கள். ஏசி குழாய்களும் அப்படித்தான். அவற்றை ஜன்னல் ஓரமாக ஓட்டினால் ஃபால்ஸ் சீலிங் இறங்கும். நடு வழியில் ஓட்டி, ஜன்னலை நோக்கிக் கூரை உயர்ந்துபோனால் அதே மாடி உயரத்தில் அதிக வெளிச்சம் கிடைக்கும். இவையெல்லாம் வரைபட நிலையில் ஏறக்குறைய இலவசம். தளம் போட்ட பிறகு முடியாது.

அடுத்து யார் எங்கே உட்காருவது. மூத்த அதிகாரிகளின் கேபின்களை ஜன்னல் ஓரமாக வரிசையாகப் போட்டு, மற்ற எல்லோரையும் நடுவில் வைப்பது பழைய வழக்கம். கேபின்காரர் பாதி நாள் மீட்டிங்கில் இருப்பார். அவர் கேபின் சுவர் இருபது பேருக்கு வர வேண்டிய வெளிச்சத்தை மறைக்கும். மூடிய அறைகளை உள்ளே தள்ளி, அவற்றின் முன்சுவரைக் கண்ணாடியாக்கி, ஜன்னல் ஓரத்தைப் பொது இருக்கைகளுக்கு விடச் சொல்லுங்கள். நீங்கள் ஊழியர்கள் சார்பில் அந்தக் குழுவில் இருப்பதால் இதை நீங்கள்தான் பேச வேண்டும், ஆர்க்கிடெக்ட் தானாகப் பேச மாட்டார். மேஜைத் தடுப்புகள் உட்கார்ந்தவரின் கண் மட்டத்துக்கு மேல் போகக் கூடாது. கணினித் திரை ஜன்னலுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். திரைக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் பிரகாசம் கண்ணைக் கூசவைக்கும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் பிரதிபலிக்கும். கூரை வெள்ளையாக, 80 சதவீதத்துக்கு மேல் ஒளியைத் திருப்பி அனுப்பும்படி இருக்கட்டும், சுவர்கள் 50 சதவீதத்துக்குக் குறையாமல். கருநிறக் கூரையும் வெளியே தெரியும் குழாய்களும் படத்தில் அழகாக இருக்கும், ஆனால் ஜன்னல் கொண்டுவந்த வெளிச்சத்தை அது விழுங்கிவிடும்.

விளக்குகளை ஜன்னலுக்கு இணையான வரிசைகளாகப் பிரித்து, ஓரத்து வரிசை தனியாக மங்கும்படி சென்சார் வைக்க வேண்டும். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் ஒன்று: சென்சாரைப் பொருத்தினால் மட்டும் போதாது, மேஜை, நாற்காலி எல்லாம் வந்த பிறகு ஒவ்வொன்றையும் அளந்து சரிசெய்ய வேண்டும். அந்த வேலை ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டால் நடக்காது. விளக்குகள் படபடவென்று ஏறி இறங்கும், யாரோ ஒருவர் சென்சாரின் மேல் டேப் ஒட்டுவார்.

வெளிச்சமும் வெளிக்காட்சியும் ஒன்றில்லை. பால்நிறக் கண்ணாடி வழியாக வெளிச்சம் வரும், எதுவும் தெரியாது. கண்ணுக்குத் தூரத்தில் இளைப்பாற இடம் வேண்டும், நேரம் நகர்வது தெரிய வேண்டும், மழையா வெயிலா என்று தெரிய வேண்டும். வானம், நடுத்தூரக் காட்சி, தரை மூன்றும் தெரிந்தால் சிறப்பு. ஐரோப்பாவில் 2018-ல் வந்த இஎன் 17037 என்ற தரநிலை வெளிக்காட்சியைத் தனியாகவே மதிப்பிடுகிறது. அதன் குறைந்தபட்ச நிலைக்கே எதிரே 6 மீட்டராவது திறந்த தூரம் வேண்டும். ஒரு ஸ்கேலை வைத்து நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கட்டடத்தின் குறுக்குவெட்டுப் படத்தை வாங்கிக்கொள்ளுங்கள். எதிர்க் கட்டடத்தின் கூரை முனையிலிருந்து உங்கள் ஜன்னலின் மேல் விளிம்பு வழியாக அறைக்குள் ஒரு நேர்க்கோடு இழுங்கள். அது மேஜை உயரத்தைத் தொடும் இடத்துக்கு அப்பால் இருக்கும் மேஜைகளில் வானத்தின் ஒரு துண்டுகூட விழாது. அந்த இடம் எந்தக் கண்ணாடி போட்டாலும் மங்கலாகத்தான் இருக்கும்.

கணக்கிட்டுக் காட்டச் சொல்லும்போது சராசரி லக்ஸ் கேட்காதீர்கள். ஜன்னல் ஓரத்தில் 5,000, உள்ளே 50 என்றாலும் சராசரி அழகாக வரும். இஎன் 17037-ன் குறைந்தபட்சம், பகல் நேரத்தில் பாதிக்காவது தளத்தின் பாதிப் பரப்பில் 300 லக்ஸும் 95 சதவீதப் பரப்பில் 100 லக்ஸும் என்பது. அமெரிக்க முறையில் வேலை நேரத்தில் பாதிக்காவது 300 லக்ஸ் கிடைக்கும் பரப்பு எவ்வளவு என்று பார்ப்பார்கள். 55 சதவீதம் ஏற்கத்தக்கது, 75 நல்லது. அதோடு கூடவே, வருடத்தில் 250 மணி நேரத்துக்கு மேல் நேரடி வெயில் 1,000 லக்ஸைத் தாண்டும் பரப்பு எவ்வளவு என்றும் பார்ப்பார்கள். அது 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். முழுக் கண்ணாடிக் கட்டடம் முதல் எண்ணில் ஓரளவு நன்றாக வரும், இரண்டாவதில் விழுந்துவிடும். இந்தக் கணக்குகள் பெரும்பாலும் பக்கத்துக் கட்டடமும் மரமும் இல்லாத கணினி மாதிரியை வைத்துச் செய்யப்படுகின்றன, அவற்றைச் சேர்த்தார்களா என்று கேளுங்கள்.

ஊழியர் நலன் என்ற பெயரில் எல்லாம் வெளிச்சத்திலேயே முடிந்துவிடக் கூடாது என்பதால் மற்றவற்றையும் தொட்டுச் செல்கிறேன். திறந்த அலுவலகங்களில் அதிகம் வரும் புகார் வெளிச்சம் பற்றியது இல்லை, சத்தம் பற்றியது, குறிப்பாகப் பக்கத்தில் ஒருவர் பேசுவது. சுவரை எடுத்தால் மக்கள் கலந்து பேசுவார்கள் என்று நம்புகிறார்கள். 2018-ல் இரண்டு நிறுவனங்களில் அளந்து பார்த்த ஆய்வில், திறந்த அமைப்புக்கு மாறிய பிறகு நேருக்கு நேர் பேசுவது ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. கண்ணாடியும் கான்கிரீட்டும் சத்தத்தைத் திருப்பி அடிப்பவை. ஆகவே வெளிச்சத்துக்காகத் திறந்துவிடும் இடங்களில் கூரையில் சத்தம் உறிஞ்சும் பொருள் கட்டாயம் வேண்டும், கதவு மூடிப் பேச சின்ன அறைகளும் வேண்டும். காற்றைப் பொறுத்தவரை, கார்பன் டை ஆக்சைடு கூடினால் மூளை மந்தமாகும் என்று 2016-ல் வெளியான ஓர் ஆய்வு பரபரப்பாகப் பேசப்பட்டது. அதில் 24 பேர் கலந்துகொண்டார்கள். 2018-ல் நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகளை வைத்து, அந்த வாயுவின் அளவை மிகவும் கூட்டிச் சோதித்தபோது அந்தப் பாதிப்பு தெரியவில்லை. ஆகவே வாயுவைக் குற்றம் சொல்வதில் சந்தேகம் இருக்கிறது. ஆனால் கார்பன் டை ஆக்சைடு அளவு ஏறினால் அறைக்குள் புதுக் காற்று போதவில்லை என்று அர்த்தம், அதில் சந்தேகம் இல்லை. மீட்டிங் அறைகளில்தான் இது முதலில் தெரியும்.

ஜன்னலைத் திறக்க முடிவது, தன் பிளைண்ட்ஸைத் தானே ஏற்றி இறக்க முடிவது, தன் மேஜை விளக்கைத் தானே மங்கவைக்க முடிவது இவற்றுக்கு நான் மிகுந்த மதிப்புக் கொடுக்கிறேன். ஜன்னல் திறக்கும் கட்டடங்களில் இருப்பவர்கள், முழுக்க ஏசி போட்ட கட்டடங்களில் இருப்பவர்களைவிட அகலமான வெப்பநிலை வரம்பை ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது பல நாட்டுக் கட்டடங்களில் சேகரித்த தரவுகளில் 1998-லேயே தெரிந்துவிட்டது. வெளிக்காற்று மாசாகவோ, சாலைச் சத்தம் அதிகமாகவோ இருந்தால் ஜன்னலை எல்லா நேரமும் திறந்துவைக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் நிறுவனத்தில் இரவு ஷிஃப்ட் இருந்தால் மேலே சொன்ன வெளிச்சக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. இரவில் எவ்வளவு வெளிச்சம், எந்த நேரத்தில் என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

மனையைப் பார்க்காமல் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எந்த வடிவம் சரி என்று இங்கிருந்து தீர்மானிக்க முடியாது. அடுத்த கூட்டத்தில் மூன்றே கேள்விகளைக் கேளுங்கள்: ஜன்னலிலிருந்து 7 மீட்டருக்கு அப்பால் எத்தனை மேஜைகள் இருக்கின்றன, மாலை நான்கு மணி வெயிலில் மேற்குப் பக்கம் உட்காருகிறவர் பிளைண்ட்ஸை இறக்காமல் இருக்க முடியுமா, குடிபுகுந்த முதல் வருடத்தில் விளக்கையும் தடுப்பையும் திருத்த பட்ஜெட்டில் பணம் ஒதுக்கியிருக்கிறதா. முதல் கேள்விக்கு எண் சொல்லத் தெரியாவிட்டால் வரைபடத்துக்கு ஒப்புதல் கொடுக்காதீர்கள். மனையின் வடக்குத் திசை, பக்கத்துக் கட்டடங்களின் உயரம், ஒரு தளத்தின் அளவு இவற்றைச் சொன்னால் இன்னும் குறிப்பாகப் பார்த்துச் சொல்கிறேன்.